ஈரக் குளிரில் நின்றுபோன கார்

மகள் வாங்கியிருக்கும் புதிய காரில் எஞ்சின் இல்லை. பொனற்றைத் திறந்து காட்டினாள். உள்ளே வெறும் பெட்டி. கடைச் சாமான் வைக்கலாமாம். ஐம்பது வருடம் பொனற்றுக்குள் தலையை விட்டுப் பிழைத்தவன் நான். "வடிவாயிருக்கு பிள்ளை" என்று சொல்லி மூடிவிட்டேன்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல கார், மின்சாரத்தில் ஓடுவது. குளிருக்கும் நிற்காது, சூட்டுக்கும் நிற்காது. ஆனால் பக்கத்து ஆசனத்தில் இருந்து போகும்போது காதுக்கு ஒரு வேலையும் இல்லை. வேலையில்லாத காது பழைய இடங்களுக்கெல்லாம் போகிறது.

ஆறு வருடத்துக்கு முன் நான் ஓய்வு பெற்ற அன்று, கராஜில் என்னோடு வேலை செய்தவர்கள் கேக் வெட்டி முடித்ததும் ஒருவன் கேட்டான், "அங்கிள், உங்கட லைஃப்ல ஹார்டெஸ்ற் ஜொப் எது?" பிறம்ரனிலிருந்து வந்த ஒரு லொறியின் கியர்பெட்டியை இறக்கப் போய் மூன்று நாள் நான் பட்ட பாட்டைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அது பொய்யல்ல, ஆனால் அவன் கேட்டதற்கு விடையும் அல்ல. விடையாகிய கதையை அன்று தொடங்க முடியவில்லை. என் மனைவி புவனா கேக் தட்டோடு பக்கத்தில் இருந்தாள். அவள் இருக்கும் இடத்தில் அதைத் தொடங்கினால் முடிவை அவள் சொல்லிவிடுவாள், நான் மரியாதையாகத் தப்ப முடியாது. இப்போது அவள் இல்லை. மூன்று வருடமாகிறது. எனவே நானே முழுவதையும் எழுதுகிறேன்.

நான் தொழில் படித்தது சுன்னாகத்தில், பதினேழு வயதில். பதின்மூன்று வருடம் அங்கே ஒஸ்ரின் கார்களும் மொரிஸ் கார்களும் திருத்தினேன். அந்தப் பதின்மூன்று வருடத்தில் நான் அறிந்த எஞ்சினுக்கு ஒரேயொரு எதிரி, சூடு. புதிதாக எந்தக் கார் வந்தாலும் நாங்கள் முதலில் செய்வது தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிவது. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை மறித்துவைக்கும் சாமான் அது; எங்கள் வெயிலுக்கு அது எதற்கு? ஒஸ்ரினில் காற்றை வடிகட்டும் எயார் கிளீனரின் வாயை இரண்டு பக்கத்துக்குத் திருப்பலாம். ஒரு பக்கம் கோடைக்கு, மற்றது குளிர்காலத்துக்கு. குளிர்காலப் பக்கம் திருப்பினால் புகை போகும் குழாயின் சூட்டை உறிஞ்சி எஞ்சினுக்குள் விடும். அந்தப் பக்கம் திருப்பிய ஒரு காரையும் நான் என் கண்ணால் கண்டதில்லை. இங்கிலாந்துக்காரன் வேலையில்லாமல் செய்த வேலை என்று சிரிப்போம்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எல்லோரும் போலவே நானும் வெளிக்கிட்டேன். எண்பத்துநாலு மாசியில் ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது எனக்கு முப்பத்தொரு வயது. புவனாவும் மூன்று வயது மகள் தர்சினியும் மாமனார் வீட்டில் நின்றுவிட்டார்கள். ஒரு வருடத்தில் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வருடம் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியதிலேயே போயிற்று.

புவனா நல்லாகக் கதைப்பாள். சந்தையில் கண்டது, கிணற்றடியில் கேட்டது, கனவில் வந்தது என்று எல்லாவற்றையும் ஒழுங்காக, ஆள் ஆளாகக் குரல் மாற்றிச் சொல்வாள். நான் கராஜிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டுவேன். பாதியில் நிறுத்திவிட்டு, "நான் இப்ப என்ன சொன்னனான், சொல்லுங்கோ பாப்பம்" என்பாள். எனக்குத் தெரியாது. "உங்கட காதைக் கராஜில விட்டிட்டு வந்திருக்கிறியள்" என்று சிரிப்பாள். கனடாவில் ஐந்து பேரோடு ஒரு அறையில் படுத்திருந்தபோது எனக்கு அவள் முகத்தைவிட அவள் கதைதான் வேண்டியிருந்தது. நீல நிறக் கடிதத்தில் அது முழுதாக வராது. எழுதும்போது அவளுக்கு இடம் போதாது.

எண்பத்தைந்து வசந்தத்தில் வோபர்னுக்குப் பக்கத்தில் ஒரு கராஜில் வேலை கிடைத்தது. நான்கு கார் நிற்கக்கூடிய இடம். முதலாளி திரேசா, போர்த்துக்கீசத் தீவொன்றில் பிறந்து சிறுவயதில் இங்கே வந்தவர். தகப்பன் விட்டுப்போன கராஜ் அது. என்னைவிட இரண்டு வயது இளையவர். லைசென்ஸ் எடுத்த மெக்கானிக், கெட்டிக்காரி. ஆனால் பெற்றோலும் எண்ணெயும் பட்டுப் பட்டு இரண்டு கையிலும் தோல் வெடித்து, இனிமேல் ஒன்றையும் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மருந்து பூசி வெள்ளைப் பஞ்சுக் கையுறை போட்டுக்கொண்டு நிற்பார். கராஜ் முழுவதும் கரியாக இருக்கும். அவரது கையுறை மட்டும் கல்யாண வீட்டு மேசைவிரிப்புப் போலிருக்கும்.

தொடமுடியாத காரணத்தால் கேட்கத் தொடங்கியவர் அவர். காரைக் கொண்டுவந்தவரிடம் அவர் கேட்கும் கேள்விகள் பொலிஸ் விசாரணையாக இருக்கும். எத்தனை மணிக்கு, எந்த வீதியில், ஏற்றமா இறக்கமா, மழையா வெயிலா, றேடியோ போட்டிருந்ததா. எல்லாம் 'ஜொப் காட்' என்ற வேலை அட்டையில் ஏறும். அந்தக் காட்டில் நாலு பகுதி. ஆள் சொன்ன குறை, அது நடந்த விதம், நாங்கள் செய்த வேலை, கடைசியாகக் காரணம். காரணம் வெறுமையாக இருந்தால் கையெழுத்து வைக்கமாட்டார். 'தேய்ந்துவிட்டது' என்று எழுதினால் ஏன் தேய்ந்தது என்று கேட்பார். எங்கள் இரண்டு பேருடைய ஆங்கிலமும் அரைகுறைதான். இருந்தாலும் நாலு வருடம் தினமும் கேட்டதாலோ என்னவோ, என் நினைவில் திரேசா யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். அப்படியே எழுதுகிறேன்.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஒரே குறையோடு ஒரு கார் மூன்றாவது முறை திரும்பி வந்தால், அதைத் திருத்தியவருக்குக் கதவு. எனக்கு முன்னிருந்தவர் அப்படித்தான் போனாராம்.

எண்பத்தாறு புரட்டாதியில் என் குடிவரவுப் பேப்பர்கள் சரிவந்தன. இனி மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடலாம். அதற்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளி ஒரு கடிதம் தரவேண்டும். திரேசாவிடம் கேட்டேன். "தரலாம். மார்கழியில நத்தாருக்கு முன்னம் எழுதித் தாறன்" என்றார். அன்றிரவே புவனாவுக்கு எழுதிவிட்டேன். சந்தோசத்தில் மனிதன் செய்யும் அவசர வேலை.

அடுத்த மாதம் றஞ்சிதம் அக்காவின் கார் வந்தது.

றஞ்சிதம் அக்கா ஐம்பது வயதுக்காரி, பருத்தித்துறை. எங்களில் அநேகம் பேர் வருவதற்கு முன்பே வந்துவிட்டவர். ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலை வேலை. புருசன் காலமாகிவிட்டார், அவர் விட்டுப்போன நாலு கதவுக் கார்தான் துணை. ஆடி மாதம் எண்ணெய் மாற்ற என்னிடம் கொண்டுவந்திருந்தார். எண்ணெயை மாற்றி, ஆடிக்கொண்டிருந்த ஒன்றிரண்டையும் சரிசெய்து அனுப்பினேன். ஐப்பசியில் ஒரு காலை அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். குளிரில் வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் லோரன்ஸ் வீதிச் சந்தியில், சிவப்பு லைற்றில், தானாக நின்றுவிட்டதாம்.

கராஜில் திறப்பைப் போட்டுத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் வந்தது.

குளிரில் நிற்கும் எஞ்சினுக்கு முதலில் பார்ப்பது சோக். குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும் சிறு தகடு அது. அதைத் துடைத்து, ஸ்பிறிங்கை ஒரு கோடு தள்ளி வைத்தேன். இரண்டு கிழமை கழிந்தது. பனிமூட்டம்போலப் புகார் கவிந்த ஒரு பொழுதில் அதே சந்தியில் கார் மறுபடி நின்றது. இந்தமுறை பெற்றோல் பில்ரரை மாற்றினேன். காற்று இழுக்கும் றப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, வெடித்த இரண்டை மாற்றினேன். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரை முழுதாகக் கழற்றிக் கழுவிப் பூட்டினேன். காரணம் என்ற இடத்தில் 'அழுக்கு' என்று எழுதினேன். திரேசா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு மனமில்லாமல் கையெழுத்து வைத்தார்.

அடுத்த கிழமை நல்ல குளிர். பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டு. றஞ்சிதம் அக்காவின் கார் ஒரு நாளும் நிற்கவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு குளிர் இறங்கி, பனி உருகி, தூறல் தொடங்கியது. தூறல் தொடங்கிய இரண்டாம் நாள் அக்காவின் கார் மூன்றாவது முறை வந்தது. அக்காவுக்கும் வேலையில் கடைசி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார்கள்.

திரேசா காரைப் பார்க்கவில்லை. கதிரையை இழுத்து அக்காவின் முன்னால் போட்டுக்கொண்டு இருந்தார். அக்காவின் ஆங்கிலம் சமையலறைக்கு வெளியே வராது. நடுவில் நின்று மொழிபெயர்த்தவன் நான்தான்.

"வீட்டில இருந்து வெளிக்கிட்டு எத்தினை நிமிசத்தில நிக்குது?"

"ஏழு, எட்டு நிமிசம் இருக்கும்."

"நிக்கிற நாளில வெளியில எப்பிடி?"

"தூறல். இல்லாட்டிப் புகார். ஒரே ஈரம்."

"போன கிழமை அவ்வளவு குளிரில?"

"அப்ப ஒண்டுமில்லை. குதிரை மாதிரி ஓடினது."

"நிண்ட பிறகு?"

"இந்தமுறை, பின்னால நிண்டவங்கள் ஹோண் அடிக்க அடிக்க, பத்து நிமிசம் அழுதுகொண்டிருந்தன். பிறகு திறப்பைத் திருப்ப, ஒண்டுமே நடக்காத மாதிரி ஸ்ராட் வந்திட்டுது."

"இந்த வருசம் இதில வேற ஆர் கைவைச்சது?"

"வேற ஒருத்தருமில்லை. தம்பிதான். ஆடி மாதமும் தம்பிதான் பாத்தவர்."

அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். திரேசா பென்சிலை மேசையில் வைத்தார்.

"நாளைக்கும் தூறல் எண்டு றேடியோவில சொல்லுறாங்கள். விடிய இவவோட காரில போம். நிண்டா, திறப்பைத் திருப்பாதையும். இழுக்கிறதுக்கு ஆளைக் கூப்பிடாதையும். ஒரு நிமிசத்துக்குள்ள எயார் கிளீனரைத் திறந்து பாரும். பாத்ததை வந்து சொல்லும். நினைச்சதைச் சொல்லவேண்டாம்."

மூன்றாம் முறை என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. நான்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். வேலை போனால் கடிதம் இல்லை. கடிதம் இல்லையென்றால் புவனா இல்லை.

விடிய ஆறு மணிக்கு அக்காவின் மாடி வீட்டுக் கார்த் தரிப்பிடத்தில் நின்றேன். பூச்சியத்துக்கு மேலே இரண்டோ மூன்றோ டிகிரி. தூறல் முகத்தில் ஒட்டியது. அக்கா பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்தார். காரை எடுத்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது நிமிடம் வரை ஒரு குறையும் இல்லை. ஆறாவதில் எஞ்சினுக்கு மூச்சு முட்டுவது காதில் கேட்டது. ஏழாவதில், லோரன்ஸ் சந்திச் சிவப்பு லைற்றில், இரண்டு முறை குலுங்கிவிட்டு நின்றது.

"நூர்ந்திட்டுது தம்பி" என்றார் அக்கா. அழுகை தொடங்கிவிட்டது.

ஓடிப்போய்ப் பொனற்றைத் திறந்து எயார் கிளீனர் மூடியைத் தூக்கினேன். காபரேற்றரின் தொண்டை வெள்ளையாக இருந்தது. விரலை விட்டேன். ஐஸ். ஒரு சாண் தள்ளி, புகை போகும் இரும்பில் தூறல் விழுந்து சுர் சுர்ரென்று ஆவியாகிறது. இங்கே ஐஸ் கட்டியிருக்கிறது. பெற்றோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றைக் குளிராக்கும் என்று பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். காற்றில் ஈரமும் இருந்தால் அது உறைந்து வழியை அடைத்துவிடும். கடும் குளிரில் காற்று உலர்ந்திருக்கும், உறைவதற்கு ஈரம் இல்லை. அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் சூட்டில் அந்த ஐஸ் கரைந்து, சொட்டி, இல்லாமல் போயிற்று. கராஜுக்கு வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் போயிருக்கிறது.

"என்ன தம்பி, பேயோ உள்ளுக்க?"

"ஐஸ், அக்கா."

"எஞ்சினுக்குள்ள ஐஸோ? விசர்க்கதை கதையாதையும்."

இப்படி நடக்காமல் இருக்கத்தான் சூடான இரும்பிலிருந்து எயார் கிளீனருக்கு ஒரு குழாய் இருக்கும். ஒரு முழ நீளம், தகரத் தாளில் செய்தது. குளிரில் சூடான காற்றை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. குனிந்து பார்த்தேன். எயார் கிளீனரின் கீழ்வாய் திறந்து கிடந்தது. இரும்பில் குழாய் மாட்டும் கழுத்தும் வெறுமையாக இருந்தது. இரண்டுக்கும் இடையில் ஒன்றுமில்லை.

அப்போது ஆடி மாதம் ஞாபகம் வந்தது. வெயில் கொளுத்திய நாள். கிழிந்த தகரத் தாள் குழாய் ஒன்று கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. சூட்டை எஞ்சினுக்குள் அனுப்பும் குழாய். சுன்னாகத்தில் பதின்மூன்று வருடம் செய்ததைக் கை தானாகச் செய்தது. பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஜொப் காட்டில் எழுதக்கூட இல்லை. எழுதும் அளவுக்கு அது ஒரு வேலையாக எனக்குத் தெரியவில்லை. அக்காவை நாலு முறை நடுவீதியில் அழவைத்தவன் நான்தான்.

அக்காவை வேலையில் இறக்கிவிட்டு, காரைக் கராஜுக்குக் கொண்டுவந்தேன். திரேசா வர இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. புதிய குழாய் தட்டில் இருந்தது. ஐந்து நிமிடத்தில் மாட்டினேன். பிறகு ஜொப் காட்டை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன். செய்த வேலை: புதிய குழாய் மாட்டியது. காரணம்: பழையது விழுந்துவிட்டது. அவ்வளவுதான் எழுதவேண்டும். ஒரு குருவிக்கும் தெரியாது. சட்டைப்பையில் புவனாவின் கடிதம் இருந்தது. தர்சினி என் படத்துக்கு முன்னால் பள்ளிக்கூடக் கதை சொல்கிறாள் என்று எழுதியிருந்தாள். தாயின் குணம்.

நான் உத்தமன் என்பதால் உண்மையை எழுதினேன் என்று சொல்லமாட்டேன். 'விழுந்தது' என்று எழுதினால் திரேசா ஏன் விழுந்தது என்று கேட்பார். பதில் சொன்னால் அதற்கும் ஏன் என்பார். தமிழில் என்றால் சமாளித்திருப்பேன். எனக்கு ஆங்கிலத்தில் பொய் வராது. 'ஆடி மாதம் நான் கழற்றி எறிந்தேன்' என்று எழுதினேன். அந்தச் சிறு வசனத்தில் மூன்று எழுத்துப் பிழை.

திரேசா வந்து வாசித்தார். நேரே போய்ப் பொனற்றைத் திறந்தார். நான் மாட்டிய குழாயைக் கீழ்ப்பக்கம் கழற்றச் சொன்னார். அந்த இரும்புக் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தார். வெள்ளைக் கையுறையில் கரி பிடித்தது. அதைக் கண்டு நான்தான் பதறினேன்.

"ஏன் கழட்டினீர்?"

சுன்னாகத்தைச் சொன்னேன். தேர்மோஸ்ரற்றைச் சொன்னேன். இரண்டு பக்கம் திருப்பும் வாயைச் சொன்னேன்.

"குளிர்காலப் பக்கத்துக்கு ஒருக்காலும் திருப்பேல்லையோ?"

"திருப்பிறதுக்கு ஒரு நாள் வரேல்லை."

அவர் சிரிக்கவில்லை. கரி பிடித்த விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உமக்குக் கதவு இல்லை. இதை எழுதாமல் விட்டிருந்தா இருந்திருக்கும். ஆனா கடிதம் இப்ப இல்லை."

எனக்கு விளங்கவில்லை.

"நல்ல மெக்கானிக் எண்டு நான் அதில கையெழுத்து வைக்கவேணும். இந்தக் காட் முடியாமல் அதை எப்பிடி வைக்கிறது? இந்த ஈரக் குளிர் இனி வசந்தத்திலதான் வரும். அதையும் இந்தக் கார் தாண்டட்டும். அண்டைக்கு ரெண்டிலயும் கையெழுத்து வைக்கிறன்."

"அங்க சண்டை. பொம்பிளையும் பிள்ளையும் தனிய" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லவேண்டும்.

"தெரியும்" என்றார். அடுத்த ஜொப் காட்டை எடுத்தார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் திரேசாவை வெறுத்தேன். கையுறையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. புவனாவுக்கு உண்மையை எழுதவில்லை. தமிழில் பொய் வரும் என்று சொன்னேனே. முதலாளிக்கு நேரமில்லை என்று எழுதினேன். "நாலு வரி எழுத அவவுக்கு அவ்வளவு பஞ்சியோ, சோம்பலோ? எனக்கு இங்கிலிஷ் தெரிஞ்சா நானே எழுதி அனுப்பியிருப்பன்" என்று பதில் வந்தது. பிறகு இரண்டு மாதம் ஒரு கடிதமும் வரவில்லை. அங்கே தபால் ஓடவில்லை என்றார்கள். அந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு நாளும் எனக்குள் திரும்பத் திரும்ப வந்தது ஒன்றுதான். அந்தக் குழாயை நான் எறியாமல் விட்டிருந்தால் அவள் கடிதத்தை நான் தேடவேண்டி இருந்திராது.

பங்குனியில் பனி உருகத் தொடங்கியது. தூறல் விழும் நாளெல்லாம் முதல் பஸ் பிடித்து அக்காவின் வீட்டடிக்குப் போவேன். அவரோடு லோரன்ஸ் சந்திவரை காரில் இருப்பேன். லைற் பச்சையாகும், கார் போகும், நான் அடுத்த தரிப்பில் இறங்கி வேலைக்குப் போவேன். உண்மையை அக்காவுக்கு நானே சொல்லியிருந்தேன். திட்டவில்லை. "உம்மட மனிசி வரவேணும் எண்டு நானும் இந்தக் கார்க் கண்ணாடிக்குத் திருநீறு பூசிக்கொண்டு திரியிறன்" என்றார்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் திரேசா என்னை உள்ளே கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்கள். வலது கையுறையைக் கழற்றினார். சிவந்து, வெடித்து, வயதானவரின் கைபோல இருந்த கை. முதலில் ஜொப் காட்டில், பிறகு கடிதத்தில் கையெழுத்து வைத்தார். நாலு வரிதான், புவனா சரியாகச் சொல்லியிருந்தாள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, கழுவுமிடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதன் பிறகும் விசா வர ஒன்றரை வருடம் எடுத்தது. எண்பத்தெட்டுக் கார்த்திகையில் அவர்கள் வந்தார்கள். நான் பிரிந்து வந்து நாலு வருடம் ஒன்பது மாதம். அப்போது என்னிடம் சொந்தமாக ஒரு கார் இருந்தது. றஞ்சிதம் அக்கா விடவில்லை. "இந்தக் காராலதான் அவ பிந்தினவ. இந்தக் காரிலதான் வரவேணும்" என்று திறப்பைக் கையில் வைத்தார். தான் வரவில்லை என்றும் சொல்லிவிட்டார். "நாலு வருசக் கதை இருக்கும். நடுவில நான் என்னத்துக்கு?"

விமானம் மூன்று மணித்தியாலம் பிந்தி, காலை பத்து மணிபோல வந்தது. புவனா மெலிந்திருந்தாள். ஆருடையதோ பெரிய கோட் ஒன்றைப் போட்டிருந்தாள். தர்சினிக்கு என்னைத் தெரியவில்லை. தாயின் பின்னால் ஒளிந்தாள். வெளியே வந்தோம். தூறல். முகத்தில் பட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று டிகிரி, ஈரம். கார் ஆறிக் குளிர்ந்துபோய் நிற்கிறது. அதே நாள்.

பிள்ளை பின்னால் ஏறியதும் நித்திரையாகிவிட்டாள். புவனா என் பக்கத்தில். திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் வந்தது. நெடுஞ்சாலையில் ஏறினோம். புவனா கதைக்கத் தொடங்கினாள்.

நான் எஞ்சினைக் கேட்டேன். வேறென்ன சொல்ல? பக்கத்தில் லொறிகள் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டு பறக்கின்றன. இந்த வீதியில் நின்றால் லோரன்ஸ் சந்தி போல அழுதுகொண்டு இருக்க முடியாது. மூன்றாவது நிமிடம். நாலாவது. ஐந்தாவதில் ஒரு சிறு தளர்வு. அல்லது என் பயம். ஆறாவது. புவனா குரலை மாற்றி ஆரோ ஒருவரைப் போலச் சொல்லிக் காட்டினாள், பிறகு குரல் இறங்கியது, பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். ஏழாவது. "ஓம்" என்றேன். எட்டாவது. எஞ்சின் ஒரு சீராக ஓடிற்று. பத்தாவது நிமிடத்தில் நான் மூச்சு விட்டேன். திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா சொன்னனீர்?" என்று கேட்டேன்.

அவள் முகம் மாறிற்று. பிறகு மறுபடி சிரித்தாள். "நாலு வருசமாக் காதைக் கராஜிலதான் வைச்சிருந்தனீங்களோ?"

"நான் எதுக்கு ஓம் எண்டனான்?"

"கேட்ட நேரம் கேக்காத ஆளுக்கு இனிச் சொல்லமாட்டன்."

சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அது எங்கள் வீட்டுப் பகிடியாக இருந்தது. வீடு வாங்கும்போது சண்டை வந்தாலும், யூனியன்விலுக்கு மாறும்போது சண்டை வந்தாலும், "அண்டைக்குக் காருக்குள்ள ஓம் எண்டனீங்கள்தானே" என்பாள். "உதுக்கோ ஓம் எண்டனான்?" என்று கேட்பேன். "உதுக்கில்லை. ஆனா ஓம் ஓம்தானே" என்பாள். கடைசியில் ஆஸ்பத்திரியிலும் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, "யோசிச்சுப் பாருங்கோ" என்றாள். அவளுக்கே மறந்துபோயிருக்கலாம். அப்படித்தான் சில நாள் என்னை ஆற்றிக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு காலை மகளின் காரில் அதே நெடுஞ்சாலையால் போனோம். தூறல். மூன்று டிகிரி என்று திரையில் போட்டிருந்தது. காருக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"தர்சினி, நீங்கள் வந்த அண்டைக்கு அம்மா காருக்குள்ள என்னட்ட என்ன கேட்டவ எண்டு உனக்கு ஞாபகமிருக்கோ?"

"அப்பா, ஐ வோஸ் ஸ்லீப்பிங். ஏன், இம்போட்டன்ரோ?"

"இல்லைப் பிள்ளை. சும்மா கேட்டனான்."

அந்தப் பத்து நிமிடத்தில் எஞ்சின் எப்போது தளர்ந்தது, எப்போது ஏறியது என்பதை நிமிடம் நிமிடமாக இன்றைக்கும் சொல்வேன். அவள் சொன்னதில் ஒரு சொல்கூட என்னிடம் இல்லை. நான் எதற்கோ ஓம் என்றேன். அதை அவளுக்குச் செய்துகொடுத்தேனா இல்லையா என்று எனக்குத் தெரியாது.